கிராணி எழுதிய குணத் தேர்வு

"'எனக்கு எளிதில் கோபம் வரும். ஆம், இல்லை, சில சமயம்.'" கார்த்திகேசு கைப்பேசியை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஆமா," என்றாள் அவர் மனைவி அமராவதி.

"இல்ல," என்றார் கார்த்திகேசு.

"வரும்ங்க. போன வாரம் சார்ஜரக் காணோம்னு கதவ என்ன சாத்து சாத்துனா. நீங்களுந்தான பாத்தீங்க."

"டீச்சர் படிப்புக்குப் போற பொண்ணுக்குக் கோபம் வரும்னு பெத்தவங்களே எழுதிக் குடுப்பமா?"

"சில சமயம்னு போடுங்க கிராணி," என்றார் கல்லாவிலிருந்த ஜெய்னுலாப்தீன். "மனுசன்னா சில சமயம் வரத்தான் செய்யும் லா."

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஜெய்னுலாப்தீனின் உணவகத்தில் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கோபம் யாருடையது என்றால், அந்த நேரத்தில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிரமிளாவினுடையது. கார்த்திகேசுவின் ஒரே மகள்.

பிரமிளாவுக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும். மதிப்பெண் இருக்கிறது. ஆனால் இந்தக் காலத்தில் மதிப்பெண் மட்டும் போதாதாம். ஆசிரியர் படிப்புக்கு மனுப்போடுகிறவர்கள் எல்லாரும் இணையத்தில் ஒரு குணத் தேர்வு எழுதியாக வேண்டும். பொறுமைசாலியா, முன்கோபியா, நாலு பேரோடு ஒத்துப்போவாரா என்று நூற்றுக்கு மேல் கேள்வி. அதை எழுதாதவரின் பெயர் பட்டியலிலேயே ஏறாது. போன வருடம் பிரமிளா காய்ச்சலில் படுத்து அதைத் தவறவிட்டாள். ஒரு வருடம் அட்டைப்பெட்டியோடு போயிற்று. இந்த வருடமும் தவறினால் இன்னொரு வருடம்.

"நான் பாத்துக்கிறேன்பா," என்று அவள் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அன்று மதியம் தோட்ட அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கார்த்திகேசுவிடம், இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேர்வை மூடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிரமிளாவுக்கு வேலை முடிவது ஏழு மணிக்கு. உள்ளே போனால் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கார்த்திகேசு அழைத்தார், அழைத்தார், பதினேழு முறை அழைத்தார்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாமளே எழுதிடுவோம்."

"அவ குணத்த நாம எப்படிங்க எழுதுறது?" என்றாள் அமராவதி.

"இருபத்தோரு வருசம் வளத்த பொண்ணு. அவ குணம் எனக்குத் தெரியாதா?"

இங்கே கார்த்திகேசுவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர் முப்பது வருடமாகத் தோட்டத்தில் கிராணி. அதாவது அலுவலகக் கணக்கர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: விண்ணப்பப் பாரத்தை முழுமையாகப் பூர்த்தி செய்கிறவர்கள், கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி மறுபடி அலைகிறவர்கள். இரண்டாம் வகையினரிடம் அவர் பெண் கொடுக்க மாட்டார், பெண் எடுக்கவும் மாட்டார்.

தேர்வின் லிங்க்கைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பார்த்ததாக அவருக்கு ஞாபகம். மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். காலை வணக்க ரோஜாக்கள், முருகன் படங்கள், யாரோ வீட்டுப் பூனை. நடுவில் சுங்கை பெசாரில் இருக்கும் தங்கை புஷ்பவள்ளி, 'பிரமிளாவுக்கு இது ரொம்ப முக்கியம் அண்ணே, தள்ளிப் போடாதீங்க' என்று எழுதி லிங்க்கையும் போட்டிருந்தாள். தங்கைக்குக்கூட மருமகள் படிப்பில் இத்தனை அக்கறையா என்று கார்த்திகேசுவுக்குக் கண் கலங்கியது. அதையே அழுத்தினார்.

வீட்டு இணையம் ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. அதனால்தான் வைஃபை இருக்கும் இடமாகப் பார்த்து உணவகத்துக்கு வந்தார்கள்.

கைப்பேசியின் நிலையும் சொல்லும்படி இல்லை. போன மாதம் அது செம்பனைக்குலை ஏற்றும் லோரியிலிருந்து கீழே விழுந்தது. திரையின் மேற்பகுதி இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. தலைப்பு, சின்னம், இன்ன இடத்தின் பக்கம் என்ற அடையாளம், எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். கேள்வி தெரிந்தால் போதாதா என்பது கார்த்திகேசுவின் கட்சி. எழுத்தை வேறு பெரிதாக்கி வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் தெரியும்.

முதல் பக்கம் சுலபமாகத்தான் போயிற்று. பெயர், பிறந்த தேதி, மதம், தாய் தந்தை தொழில், உடன்பிறந்தோர் எத்தனை பேர். இந்த நாட்டில் எந்தப் பாரம்தான் இதையெல்லாம் கேட்காமல் விட்டது? கேள்விகள் தமிழிலேயே இருந்ததில் அவருக்குத் தனிப் பெருமை. தமிழ்ப்பள்ளிக்கு ஆள் எடுக்கிறவன் தமிழில்தானே கேட்பான். தொடர்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணைப் போட்டார். பிரமிளாவின் கைப்பேசிதான் பெட்டிக்குள் கிடக்கிறதே.

கோபத்துக்குக் கடைசியில் 'சில சமயம்' என்று போட்டார்கள். போட்டவுடன் கார்த்திகேசுவுக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் போய் மாற்றப் பார்த்தார். போன கேள்வி போனதுதான், திரும்பி வர மறுத்தது.

"பரவால்ல. அடுத்ததுல தூக்கி விட்டுருவோம்," என்றார். அடுத்த கேள்வி பொறுமைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கேட்டது. பத்து போட்டார். அன்புக்குப் பத்து. அடக்கத்துக்குப் பத்து. சிக்கனத்துக்கும் பத்து போடப் போனபோது அமராவதி அவர் கையைப் பிடித்தாள்.

"ஷோப்பில ஆர்டர் போட்டு மாசத்துக்கு ஆறு பார்சல் வருதுங்க அவளுக்கு."

"அது அவ. நான் பொதுவா சொல்றேன்," என்றார் கார்த்திகேசு. சிக்கனத்துக்கும் பத்து விழுந்தது.

அப்போது பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த தனபாலன் கை கழுவாமலே எழுந்து வந்தார். முப்பது வருடத்துக்கு முன்பு தோட்டப் பள்ளியில் இரண்டே மாதம் தற்காலிக ஆசிரியராக இருந்தவர். அந்த இரண்டு மாதத்தை வைத்து ஊர் அவரை இன்றுவரை வாத்தியார் என்று கூப்பிடுகிறது. அவரும் ஆட்சேபித்தது கிடையாது.

"என்ன கிராணி, எல்லாத்துக்கும் பத்தா? மாட்டிக்கிட்டீங்க."

"ஏன் வாத்தியாரே?"

"இதெல்லாம் பொறி. குறையே இல்லாத ஆளுன்னா பொய் சொல்றான்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிரும். நாலு குறை காட்டணும்."

கார்த்திகேசுவின் முகம் வெளுத்தது. அதற்கென்றே காத்திருந்ததுபோல அடுத்த கேள்வி வந்தது: 'உங்களிடம் உள்ள குறைகள். விரும்பினால் எழுதலாம்.' விரும்பினால் எழுதலாம் என்றால் எழுதாமலும் விடலாம் என்று பொருள். ஆனால் கார்த்திகேசு பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதா?

"சொல்லு அமரா. என்ன குறை?"

அமராவதி அந்தக் கேள்விக்கு வருடக்கணக்காகத் தயாராக இருந்தாள். காலையில் எழுப்பினால் எழும்ப மாட்டாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவாள். மீன் குழம்பு வைத்தால் முகத்தைச் சுளிப்பாள். கூப்பிட்டால் காதில் வாங்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கார்த்திகேசு வேகம் வேகமாகத் தட்டச்சு செய்தார். கடைசியில் பார்த்தால் பதினொரு குறை சேர்ந்திருந்தது. நாலு கேட்ட தனபாலனே திகைத்துப்போனார்.

"இத்தன வேணாம் கிராணி."

"ஏத்தியாச்சு வாத்தியாரே. அது போயிருச்சு."

சோதனை என்பது தனியாக வருவதில்லை. கைப்பேசியின் மின்சாரம் ஏழு விழுக்காட்டுக்கு இறங்கியது. உணவகத்தில் வேலை செய்யும் ஒரே மின்இணைப்பு சமையற்கட்டில் இருந்தது, அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில். ஒயர் முழங்கை நீளந்தான். எல்லாரும் சமையற்கட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். மீன் குழம்பு கொதிக்கும் பானைக்கு மேல் கார்த்திகேசு குனிந்து நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்து அவருக்கு உலகமே பனிமூட்டமாகிவிட்டது.

"நீங்க படிங்க பாய். எனக்குத் தெரியல."

ஜெய்னுலாப்தீன் படித்தார். "'புகை, மது உண்டா? இல்லை, சில சமயம், ஆம்.'"

"இல்ல, இல்லவே இல்ல. அழுத்துங்க."

ஜெய்னுலாப்தீன் மாவு பட்ட விரலால் அழுத்தினார். விரல் வழுக்கியது.

"என்ன பாய்?"

"சில சமயம்னு பதிஞ்சிருச்சு கிராணி."

அமராவதி தலையில் கை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சர்பத்துக்கு மேல் எதையும் தொட்டறியாத பிள்ளையைப் பெற்ற அப்பாவே குடிகாரி ஆக்கிவிட்டாரே என்று புலம்பினாள். கார்த்திகேசு அதைச் சரிக்கட்ட அடுத்து வந்த பக்தியில் 'மிக மிக அதிகம்' என்று போட்டார்.

"குடிச்சிட்டு சாமி கும்பிடுற பொண்ணுன்னு நினைக்கப் போறான்," என்றார் தனபாலன். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார்.

மணி மூன்றரையைத் தாண்டியது. கேள்விகள் கொஞ்சம் ஆழமாகத் தொடங்கின.

"'பெரியவர்களோடு ஒரே கூரையின் கீழ் அனுசரித்துப் போவீர்களா?'"

"இது ஆசிரியர் அறையப் பத்தினது," என்று தனபாலன் விளக்கினார். "சீனியர் டீச்சருங்க இருப்பாங்கல்ல, அவங்க நாற்காலியில உக்காந்துட்டா வருசம் பூரா பேச மாட்டாங்க. எனக்கு நடந்திருக்கு. போவேன்னு போடுங்க."

போவேன் என்று போட்டார்கள்.

"'பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தால் மகிழ்ச்சி? ஒருவர், இருவர், மூவர், மூவருக்கு மேல்.'"

கார்த்திகேசுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்ன கேள்வி? மூணு பிள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடத்த மூடிட்டுப் போயிருவான். நம்ம தோட்டத்துப் பள்ளியில பதினாலு பேருக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு."

"தமிழ்ப்பள்ளியில ஆள் இல்லன்னு குத்திக் காட்டுறான் கிராணி," என்றார் ஜெய்னுலாப்தீன். "விடாதீங்க."

கார்த்திகேசு இனமானத்தோடு 'மூவருக்கு மேல்' என்பதை அழுத்தினார். பக்கத்திலேயே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதையும் காலியாக விடாமல், 'குறைந்தது முப்பது பேர்' என்று எழுதினார்.

படம் கேட்டது. முழு உருவப் படம். தீபாவளிக்குப் பட்டுச்சேலை கட்டி எடுத்ததை அமராவதி தேடிக் கொடுத்தாள். டீச்சர் என்றால் சேலைதானே.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "'வேறு மாநிலத்துக்கு இடம்பெயரத் தயாரா?'"

ஜெய்னுலாப்தீன் படித்து முடித்ததும் அமராவதி அரிசி மூட்டையிலிருந்து எழுந்தாள்.

"மாட்டான்னு போடுங்க."

"மாட்டான்னா எடுக்க மாட்டான் அமரா. சபா, சரவாக் எங்க போட்டாலும் போறேன்னு சொல்றவங்களத்தான் எடுப்பான்."

"அவ போயிட்டா இந்த வீட்டுல நமக்கு யாருங்க இருக்கா?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்த பிறகும் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் அதற்கு ஆவி காரணமில்லை. மகள் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வந்து விரலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒரு வருடமாகப் பார்த்தவர் அவர். அவள் தூரமாகப் போவது கஷ்டம். அவள் இங்கேயே இப்படி இருந்துவிடுவது அதைவிடக் கஷ்டம்.

"போகட்டும்," என்று சொல்லித் தானே அழுத்தினார். அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜெய்னுலாப்தீன் பானைக்குள் தேவையில்லாமல் கரண்டியை விட்டுக் கிண்டினார்.

நாலு முப்பத்தெட்டுக்குக் கடைசிக் கேள்வி. 'உங்களைப் பற்றி நூறு சொற்களில் எழுதுக.'

இதற்குத்தான் பிறந்தவர்போல் கார்த்திகேசு முதுகை நிமிர்த்தினார். 'மேற்படி நபர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுபவர். நேரம் தவறாதவர். எந்தப் பாரத்திலும் காலிக் கட்டம் விடாதவர். பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பவர். சீனி போடாத தேநீர் அருந்துபவர். செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் படிப்பவர். பேனா இரவல் கொடுத்தால் திரும்பப் பெறாமல் உறங்காதவர்.'

அமராவதி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"என்னங்க இது? பிரமிளாவா, நீங்களா?"

"என் ரத்தந்தான அவ. இன்னைக்கு இல்லாட்டியும் பின்னால வரும்."

"ஈரத்துண்டு போடுறவ, எடுத்த இடத்துல வைப்பாளா?"

"பேசாம இரு. மணி நாலு அம்பது."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பு என்பதை அழுத்தினார்கள். வட்டம் சுற்றியது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி விழுந்து, 'வாழ்த்துகள், உங்கள் விவரம் ஏற்கப்பட்டது' என்று வந்தது.

ஜெய்னுலாப்தீன் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக் சொன்னார். தனபாலன் தன்னால்தான் எல்லாம் என்பதுபோல் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டார். கார்த்திகேசுவுக்கு முப்பது வருட உத்தியோகமும் இந்த ஒரு பாரத்துக்கான பயிற்சிதான் என்று தோன்றியது.

ஐந்து ஐந்துக்குக் கைப்பேசி அடித்தது. பிரமிளா.

"ப்பா, என்னாச்சு? டீ பிரேக்ல போன வாங்கிப் பாத்தா பதினேழு மிஸ்கால். அம்மாக்கு ஏதாச்சுமா?"

"ஒன்னும் இல்லம்மா. நீ கவலப்படாத. அஞ்சு மணிக்கு மூடுறான்னு தெரிஞ்சுது. உன் குணத் தேர்வ நானே உக்காந்து முழுசா எழுதி அனுப்பிட்டேன்."

"என்னோடத நீங்க எப்படிப்பா அனுப்ப முடியும்? நான் மத்தியானம் பிரேக்லயே போன வாங்கிட்டு, வாசல்ல காவலாளி இருக்கிற கார்ட் ஹவுஸ்ல உக்காந்து எழுதிட்டேன். சப்மிட் ஆயி ஈமெயிலும் வந்திருச்சு."

கார்த்திகேசு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முதலில் வந்தது சந்தோஷம். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த சந்தோஷம். அதன் பின்னாலேயே, தான் இல்லாமலே காரியம் முடிந்துவிட்டதே என்று ஒரு சின்ன வருத்தமும் வந்தது.

"கோபம் வருமான்னு கேட்டானா?"

"கேட்டான். வரும்னு போட்டேன். ஏன்ப்பா?"

"சும்மாதான்மா."

"சரிப்பா, பெல் அடிச்சிருச்சு, நான் போறேன். ஆமா, அப்ப நீங்க எத எழுதுனீங்க?"

பதில் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். அதே கேள்வியை மற்ற மூவரும் கண்ணாலேயே கேட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். கைப்பேசி மறுபடி அடித்தது. தெரியாத எண். கார்த்திகேசு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வணக்கம்யா, சுங்கை சோவிலருந்து மகேந்திரன் பேசுறேன். கல்யாணத் தளத்துல உங்க மக விவரம் இப்பத்தான் ஏறிச்சு. எங்க பையனோட தொண்ணூத்தெட்டு விழுக்காடு பொருந்துதுன்னு காட்டுது. மூணு வருசமாத் தேடுறேன்யா, அறுபதத் தாண்டுனதே இல்ல. எப்பப் பொண்ணு பாக்க வரட்டும்?"

தே தாரிக் கோப்பை அமராவதியின் கையில் பாதியில் நின்றது. தனபாலன் மெதுவாகத் தன் மேசைக்கு நகரப் பார்த்தார்.

"கல்யாணத் தளமா?" என்றார் கார்த்திகேசு. தங்கை குழுவில் போட்ட லிங்க் அவர் கண்முன் வந்தது.

"ஆமாய்யா. அந்தக் கடைசி நூறு வார்த்தையப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அஞ்சு மணிக்கு எழும்புறது, சீனி இல்லாத தே, பேனாவத் திருப்பி வாங்குறது, வார்த்தைக்கு வார்த்த அப்படியே எங்க பையன் பாரம். முப்பது பிள்ளைங்கதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. ஆனா பேசிக்கலாம்."

கார்த்திகேசு முப்பது வருடத்தில் ஒரு பொய்க்கணக்கு எழுதியவரில்லை. இப்போதும் அவருக்கு வரவில்லை.

"மன்னிக்கணும்யா. இத என் மக எழுதல. அவளுக்கு ஒன்னுமே தெரியாது. அத்தனையும் நான்தான் நிரப்புனேன், என் குணத்தையும் சேத்து."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"பையனோடத நான்தான்யா நிரப்புனேன்," என்றார் மகேந்திரன். "அப்ப அந்தத் தொண்ணூத்தெட்டும் நம்ம ரெண்டு பேருக்குந்தானா?"